இரண்டு ஆஃபர் லெட்டரும் ராமானுஜனின் 250 பவுண்டும்

போன மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பொண்ணு அவள் அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். வெளியூர்க்காரர்களுக்கு வேங்கிக்கால் என்றால் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் இடம், அவ்வளவுதான். எங்களுக்கு அது ஏரி. அந்த ஏரியைப் பார்த்து வளர்ந்தவள் சிவில் படித்தாள். இப்போது சென்னையில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் நிலத்தடி நீர் சம்பந்தமாக எம்.டெக். முடிக்கப் போகிறாள். கையில் இரண்டு பிஎச்.டி. ஆஃபர். ஒன்று அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். இன்னொன்று, இப்போது படிக்கும் இடத்திலேயே அப்படியே பிஎச்.டி.க்கு மாறிக்கொள்வது. இரண்டுக்கும் உதவித்தொகை உண்டு.

"நீங்க பிஎச்.டி. பண்ணவங்க சார். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார் அப்பா. நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவர் என்னைக் கேட்பதற்கு முன்பே தெரு முடிவு செய்துவிட்டது. அமெரிக்காதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று. பொண்ணு மட்டும் ஒன்றும் பேசாமல் ஃபோனில் இரண்டு கடிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்டரை எனக்கு அனுப்பும்மா, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். அன்று ராத்திரி படித்தேன். இங்கே வழக்கமாகப் புத்தகங்களைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றியும்தான் எழுதுவேன். இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த இரண்டு கடிதங்களை. ஒரு நாவலைவிடக் கவனமாக வாசிக்க வேண்டிய எழுத்து இது. ஒருவருடைய வாழ்க்கையில் ஐந்து வருஷம் இதில் அடங்கியிருக்கிறது.

எழுவாய் எங்கே?

ஆஃபர் லெட்டருக்கு என்று ஒரு நடை உண்டு. முதல் பத்தி வாழ்த்து. இரண்டாவது பத்தி தொகை. மூன்றாவது பத்தியில்தான் விஷயம் இருக்கும். ஆனால் இரண்டாவது பத்தியைப் படித்ததுமே வீட்டில் எல்லாரும் ஸ்வீட் வாங்கக் கிளம்பிவிடுவதால், மூன்றாவதை யாரும் படிப்பதில்லை.

அமெரிக்கக் கடிதத்தின் மூன்றாவது பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: முதல் ஆண்டு ஆய்வு உதவியாளர் பணி தரப்படும்; முன்னேற்றம் திருப்திகரமாக இருந்து, நிதியும் இருக்கும் பட்சத்தில், அடுத்த ஆண்டுகளுக்கும் அது நீட்டிக்கப்படும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

யார் எதிர்பார்க்கிறார்கள்? திருப்திகரம் என்று யார் சொல்ல வேண்டும்? நிதி யாரிடம் இருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை பிரிக்கச் சொல்வார்களே, அதை இந்த வாக்கியத்தில் செய்து பாருங்கள். எழுவாய் கிடைக்காது. இது மொழிநடைக் குறை மட்டும் அல்ல. அந்த எழுவாய் யார் என்பதுதான் அடுத்த ஐந்து வருஷத்துக்கு அவளுடைய சுதந்திரத்தின் அளவு. நான் இந்தப் பதிவில் சொல்ல வருவது இது ஒன்றுதான். உதவித்தொகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. அது யார் பையிலிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் அந்த இரண்டாவது கேள்வி

ஆனாலும் தொகையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த அப்பாவிடம் போய் "பணம் முக்கியமில்லீங்க" என்று சொல்ல எனக்கு அருகதை கிடையாது. பி.இ.க்கு வாங்கிய கல்விக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.

எம்.டெக்.கில் அவளுக்கு இப்போது வருவது மாதம் 12,400 ரூபாய். பிஎச்.டி.க்கு மாறினால் முதல் இரண்டு வருஷம் 37,000, அதற்குப் பிறகு 42,000. மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை 2019-ல் 31,000, 35,000 என்று இருந்தது. 2023-ல்தான் இந்த அளவுக்கு உயர்ந்தது. அதாவது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை உயர்கிறது, அதுவும் ஸ்காலர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு. இடையில் விலைவாசி ஏறினால் அது ஸ்காலர் பாடு.

இதற்கு மேலே பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப் என்று ஒன்று உண்டு, 2018 பட்ஜெட்டில் அறிவித்தது. முதல் இரண்டு வருஷம் மாதம் 70,000, மூன்றாம் வருஷம் 75,000, கடைசி இரண்டு வருஷம் 80,000. ஆய்வுச் செலவுக்கு வருஷம் 2 லட்சம் தனி. ஒரே லேபில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு 37,000, இன்னொருவருக்கு 70,000 என்பது எனக்கு உறுத்தல்தான். அது வேறு கட்டுரை. இவளுக்கு இப்போதைக்கு அது கிடையாது.

அமெரிக்கக் கடிதத்தில் டாலரில் இருக்கிறது. டாலரைப் பார்த்ததும் நம் ஆட்கள் ரூபாய்க்கு மாற்றிப் பெருக்குவார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலில் செய்ய வேண்டியது வகுத்தல். உதாரணத்துக்கு, மாதம் 2,500 டாலர், ஒன்பது மாத நியமனம் என்று ஒரு கடிதம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 22,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,875தான். கோடைக்காலத்தின் மூன்று மாதத்துக்கு யார் தருவார்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி என்று இருக்கும், ஆனால் மற்ற கட்டணங்கள் தனியாக இருக்கலாம். மருத்துவக் காப்பீடு முழுக்க அவர்கள் கட்டுகிறார்களா, பாதியா? வரிப் பிடித்தமும் உண்டு. பற்றாக்குறையை வெளியே வேலை பார்த்துச் சரிக்கட்டவும் முடியாது. எஃப்-1 விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்த 20 மணி நேரத்தையும் உதவியாளர் பணியே எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் கழித்துவிட்டு, அந்த ஊரின் வாடகையையும் கழித்துவிட்டு, மிச்சம் என்ன என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கைப் போட்டோம். அமெரிக்காவில் மிச்சம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் தெரு நினைத்த அளவுக்கு இல்லை. மண்டிக் கணக்குப்பிள்ளை ஆயிற்றே, அப்பா அதை ஒரு தாளில் எழுதி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

மூன்று பைகள்

பொறியியல் பிஎச்.டி.க்குப் பணம் பெரும்பாலும் மூன்று பைகளில் ஒன்றிலிருந்து வருகிறது.

முதலாவது, கைடின் ப்ராஜெக்ட். அவர் ஏதோ ஒரு அரசுத் துறையிடமோ கம்பெனியிடமோ வாங்கிய நிதியிலிருந்து உங்களுக்குச் சம்பளம். நம் ஊரில் ப்ராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்., அங்கே ஆய்வு உதவியாளர். நன்மை என்னவென்றால் முதல் நாளிலிருந்தே கையில் ஒரு வேலை, கருவி, இலக்கு எல்லாம் இருக்கும். சிக்கல் என்னவென்றால் ப்ராஜெக்ட் மூன்று வருஷம், பிஎச்.டி. ஐந்து வருஷம். நடுவில் கைடு வேறு இடத்துக்குப் போனாலோ, நிதி நின்றாலோ, அவருக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாவிட்டாலோ, உங்கள் சோறும் உங்கள் தீசிஸும் ஒரே நாளில் அடிபடும்.

இரண்டாவது, துறையின் பை. பாடம் நடத்த உதவுவது, லேப் பார்த்துக்கொள்வது, விடைத்தாள் திருத்துவது. நேரம் போகும், ஆனால் கைடை மாற்றினாலும் சம்பளம் நிற்காது. நம் மத்திய அரசு நிறுவனங்களில் தரும் உதவித்தொகையும் ஏறக்குறைய இந்த வகைதான். வாரத்துக்கு எட்டு மணி நேரம் துறைக்கு வேலை பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் பெயரிலேயே வரும் ஃபெலோஷிப். தேர்வு எழுதியோ போட்டியில் ஜெயித்தோ நீங்களே வாங்கியது. கைடு உங்களைத் தேடி வருவார்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் பிஎச்.டி. செய்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். என்னுடையது முதல் பை. மூன்றாம் வருஷம் ப்ராஜெக்ட் முடிந்தது. அதற்கடுத்த பதினாலு மாதம் ஒரு தனியார் கல்லூரியில் பகலில் பாடம் எடுத்து, ராத்திரியில் தீசிஸ் எழுதினேன். நான் சேரும்போது ஒரு மனுஷர்கூட "அந்தப் பணம் எப்போ முடியும்னு கேட்டியா?" என்று என்னிடம் கேட்கவில்லை. "எவ்ளோ தர்றாங்க?" என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆபத்து இப்போது கூடியிருக்கிறது. 2025-ல் அந்த நாட்டு மத்திய அரசின் ஆய்வு நிதி ஆட்டம் கண்டபோது, மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குக் கொடுத்த பிஎச்.டி. இடங்களையே திரும்பப் பெற்றது. துறை மருத்துவ ஆய்வுதான், ஆனால் "நிதி இருக்கும் பட்சத்தில்" என்ற மூன்று வார்த்தைக்கு என்ன பொருள் என்பதை எல்லாத் துறைக்கும் அது புரியவைத்தது.

கனவைச் சொல்கிறோம், காசைச் சொல்வதில்லை

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆராய்ச்சி உதவித்தொகை பற்றி எழுதினால் அவரில் தொடங்காமல் முடியாது. ராமானுஜன் கணிதம்தான், பொறியியல் இல்லை. ஆனால் அவரை முதலில் கைதூக்கிவிட்டவர்களில் பொறியாளர்கள் உண்டு. அவர் குமாஸ்தாவாக இருந்த மெட்ராஸ் துறைமுகத்தின் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். 1912-ல் அவருடைய கணக்குகளை லண்டனுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்ட கிரிஃபித், மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர். இன்றைய கிண்டி கல்லூரிதான் அது.

அவர் கடல் கடந்த கதையை நாம் எப்படிச் சொல்கிறோம்? முதலில் மறுத்தார், ஆசாரம் தடுத்தது, பிறகு நாமகிரித் தாயார் கனவில் வந்து அனுமதி கொடுத்தாள், போனார். கனவைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தக் கதையில் காசு எங்கே போயிற்று என்பது என் கேள்வி.

காசின் கதை இது. துறைமுகத்தில் அவருக்குச் சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913 மே மாதத்திலிருந்து மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, இரண்டு வருஷத்துக்கு. கையில் டிகிரி இல்லாதவருக்கு விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வு அறிக்கை கொடுக்க வேண்டும். இதுதான் உள்ளூர் ஆஃபர்.

வெளிநாட்டு ஆஃபர் 1914 தொடக்கத்தில் உருவானது. ஹார்டியின் சார்பில் நெவில் மெட்ராஸ் வந்து பேசினார். கேம்பிரிட்ஜ் அழைத்தது, ஆனால் பெரும் பணத்தைக் கொடுத்தது மெட்ராஸ் பல்கலைக்கழகம்: வருஷம் 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு கும்பகோணம் குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்தது.

அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒதுக்கிய 50 பவுண்டு மட்டும் மாதம் 62 ரூபாய்க்கு மேலே வருகிறது. குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. அதாவது, மகன் கப்பல் ஏறினால் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டிலேயே பதில் இருந்தது. 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பல் ஏறினார்.

இதை ஒரு ஆஃபராக வாசித்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, பணம் ஹார்டியின் பையிலிருந்து வரவில்லை. ராமானுஜன் ஹார்டியிடம் போனது ஹார்டியின் சம்பளக்காரராக அல்ல. இரண்டு, எத்தனை வருஷம், யார் தருவது என்பது தெளிவாக இருந்தது. எழுவாய் உள்ள வாக்கியம். மூன்று, குடும்பத்தின் பங்கை யாரும் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் ஸ்டைபண்டில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புவதை இன்றும் யாரிடமும் சொல்வதில்லை, எந்தக் கடிதமும் அதைக் கணக்கில் எடுப்பதும் இல்லை.

அதே சமயம் அந்த நல்ல ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. அங்கே போய் என்ன சாப்பிடுவார், குளிரை எப்படித் தாங்குவார், மனசு விட்டுப் பேச யார் இருப்பார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. போன சில மாதத்தில் உலகப் போர் மூண்டது. 1917-ல் படுத்தார், 1919-ல் ஊர் திரும்பினார், 1920 ஏப்ரலில் போய்விட்டார். பணத்தின் எழுவாய் தெளிவாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டலாம். மீதிப் பாதி கடிதத்தில் இருக்காது, ஆட்களிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கேட்ட கேள்விகள்

அதனால் பொண்ணிடம் சொன்னேன்: "எதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. ரெண்டு பக்கமும் நாலே நாலு கேள்வி எழுதிக் கேளு. பதிலைப் பார்த்து நீயே முடிவு பண்ணு."

முதல் கேள்வி, என் உதவித்தொகை எந்த நிதியிலிருந்து வருகிறது, அது எந்த வருஷம் முடிகிறது. இரண்டாவது, அது முடிந்தாலோ கைடை மாற்ற நேர்ந்தாலோ துறை என்னைத் தாங்குமா, அதை எழுத்தில் தர முடியுமா. மூன்றாவது, உங்களிடம் இதுவரை சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருஷத்தில். நாலாவது, இப்போது லேபில் இருப்பவர்களிடம் நான் தனியாகப் பேசலாமா.

"இப்படிக் கேட்டா கோச்சுக்க மாட்டாங்களாண்ணா? ஆஃபரையே கேன்சல் பண்ணிட்டா?" என்று பயந்தாள். இந்தப் பயம் எனக்குத் தெரியும். கொடுப்பவரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்த்துவிட்டோம். மரியாதையாகக் கேட்ட நாலு கேள்விக்காகக் கோபித்துக்கொள்கிற கைடு, சேர்ந்த பிறகு எப்படி இருப்பார்? அதுவும் ஒரு பதில்தானே.

அவசரமும் இல்லை என்றேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கையெழுத்திட்ட ஒரு பொது உடன்பாடு இருக்கிறது. அதன்படி உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்ல மாணவருக்குக் கட்டாயம் இல்லை. அவசரப்பட்டுச் சரி சொல்லிவிட்டாலும், அந்தத் தேதி வரைக்கும் எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும் கேள்வி இதேதான், உருவம் மாறும். ஜெர்மனியில் பொறியியல் பிஎச்.டி. பெரும்பாலும் வேலை ஒப்பந்தமாகவே வரும். அங்கே முழு நேரமா, பாதியா, எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் உள்நாட்டு மாணவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் ஃபீஸ் வேறு வேறு. உதவித்தொகை அந்த வித்தியாசத்தையும் கட்டுகிறதா என்று கேட்க வேண்டும்.

பதில்கள்

சென்னைக் கைடு மறுநாளே பதில் போட்டார். பணம் நிறுவனத்தினுடையது, ஐந்து வருஷம் வரைக்கும் உண்டு, கைடை மாற்ற விதி இருக்கிறது. தன்னிடம் சேர்ந்தவர்களில் ஒருவர் பாதியில் போய்விட்டார் என்றும், அதற்குத் தன் மேலும் தவறு உண்டு என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

அமெரிக்கப் பேராசிரியரின் பதில் பத்து நாள் கழித்து வந்தது. கெட்ட மனுஷர் இல்லை. அன்பாக, உற்சாகமாக எழுதியிருந்தார். அவருடைய நிதி இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு. அதற்குப் பிறகு புதிதாக விண்ணப்பித்திருக்கிறார், வரும் என்று நம்புகிறார். துறை தாங்குமா என்ற கேள்விக்கு, இப்போதே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஒரு வரி. எழுத்தில் தருவதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவள் சென்னையைத் தேர்ந்தெடுத்தாள். இதைப் படித்துவிட்டு "உள்ளூரே நல்லது" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கத் துறை இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தந்திருந்தால், போய் வா என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அங்கே இருக்கும் நிலத்தடி நீர் ஆய்வுக் கருவிகள் இங்கே பல இடங்களில் கிடையாது. அந்த இழப்பு நிஜம், அவளுக்கும் தெரியும். தெருவில் இன்னும் "அமெரிக்காவையே வேணாம்னுட்டாளாமே" என்று பேச்சு ஓடுகிறது. அவள் அம்மா ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

நேற்று அப்பாவை ஏரிக்கரைப் பக்கம் பார்த்தேன். ராமானுஜன் கதையில் அவருக்கு ஞாபகம் இருந்தது ஒரே ஒரு விஷயம். "சார், அந்த அம்பது பவுண்டு சொன்னீங்களே, இவளும் மாசம் பத்தாயிரம் வீட்டுக்கு அனுப்புறேன்னு நிக்கிறா" என்றார்.

1919 ஜனவரியில் ராமானுஜன் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் பற்றி அவரிடம் சொன்னேன். ஊர் திரும்பிய பிறகு வருஷம் 250 பவுண்டு தருவதாக அவர்கள் சொன்னதற்குப் பதில் அது. பெற்றோருக்கு 50 பவுண்டு போக, தன் அவசியச் செலவும் போக, மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின், ஆதரவற்ற பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடச் சொல்லிக் கேட்டிருந்தார்.

அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "லோனை மட்டும் அவ கட்டட்டும் சார். வீட்டுக்கு வேணாம். அம்பது பவுண்டை அவளே வெச்சிக்கட்டும். அங்க லேபுல ராத்திரி லேட்டானா ஆட்டோவுக்கு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.